குன்றின் மேல் ஊர்கள் – 7: முற்றுகை காணாத மதில்

பெர்கமோவில் வந்திறங்குகிறவர்களில் பலர் பெர்கமோவைப் பார்ப்பதே இல்லை. மலிவுக் கட்டண விமானங்கள் வந்து குவியும் அந்த ஊர் விமான நிலையத்தின் பெயரிலேயே மிலானும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வெளியே வந்தால் வாசலில் மிலான் பேருந்து. ஏறி உட்கார்ந்து கைபேசியைத் திறந்தவர்கள், ஒரு நிமிடம் தலைநிமிர்ந்து வலப்பக்க ஜன்னலைப் பார்த்தால் தெரியும்: ஆல்ப்ஸின் அடிவாரக் குன்றொன்றின் மேல், மதிலுக்குப் பின்னால் கோபுரங்களும் குவிமாடங்களும் எட்டிப் பார்க்க, ஓர் ஊர். அது பெர்கமோவின் மேல் நகரம். அதன் காலடியில் சமவெளியில் பரந்திருப்பது கீழ் நகரம். இரண்டுக்கும் இடையே 1887 முதல் ஒரு விஞ்ச் ரயில் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது.

எனக்கு வழித்துணையாக வந்தவன் மிலானில் பொறியியல் படிக்கும் கோயம்புத்தூர்த் தம்பி. அவன் விஞ்சில் ஏற மறுத்துவிட்டான். "அண்ணே, நடந்து ஏறினாத்தான் இந்தச் சுவரு எதுக்குன்னு புரியும்" என்றான். மூச்சு வாங்கியபோது அவன் மேல் கோபம் வந்தது உண்மை. ஆனால் அவன் சொன்னது சரி.

பெர்கமோ 1428இல் வெனிஸ் குடியரசின் கைக்கு வந்தது. வெனிஸின் நிலப்பரப்பில் மேற்குக் கடைசி ஊர் என்றே இதைச் சொல்லலாம். பக்கத்தில் ஓடும் அட்டா ஆற்றைத் தாண்டினால் மிலான் சீமை. அந்த மிலான் 1535இல் ஸ்பெயினின் வசம் போனதும் வெனிஸுக்குத் தூக்கம் கெட்டது. பீரங்கிகளின் காலம் அது. பழைய உயரமான மெல்லிய சுவர்கள் குண்டுக்கு நிற்காது. அதனால் 1561இல் புதுவகை மதில் ஒன்றை எழுப்பத் தொடங்கினார்கள். தடித்த, சாய்ந்த சுவர், அம்புமுனை போல வெளியே துருத்தும் கொத்தளங்கள், நான்கு வாயில்கள். சுற்றளவு 6 கிலோமீட்டருக்கும் மேல். முடிய 1588 ஆயிற்று.

மதிலுக்கு இடம் வேண்டுமே. 250க்கும் மேற்பட்ட கட்டடங்களை இடித்துத் தள்ளினார்கள். வீடுகள், மடங்கள், ஊரின் காவல் புனிதரான அலெக்சாண்டரின் பழைய பேராலயம் எல்லாம் போயின. எதிரி வந்து ஊரைச் சூறையாடியிருந்தால்கூட இவ்வளவு போயிருக்குமா என்பது சந்தேகம். எதிரியோ வரவே இல்லை. அந்த மதில் ஒரு முற்றுகையைக்கூடச் சந்திக்கவில்லை. 1797இல் நெப்போலியனின் பிரெஞ்சுப் படை வெனிஸ் குடியரசையே முடித்துவைத்தபோதும் இந்தச் சுவருக்கு வேலை வரவில்லை. 2017இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னங்களில் சேர்த்தது; இத்தாலி, குரோஷியா, மாண்டினீக்ரோ மூன்று நாடுகளிலும் வெனிஸ் கட்டிய அரண்கள் ஒரே தொகுதியாக அந்தப் பட்டியலில் இருக்கின்றன.

வெட்டிச் செலவு என்று சொல்லிவிடத் தோன்றும். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். பிற்காலத்தில் ஆலைகளும் ரயிலும் அடுக்குமாடிகளும் வந்தபோது அவை குன்றேறாமல் கீழேயே நின்றதற்கு இந்த மதிலும் ஒரு காரணம். இன்று மாலை நேரத்தில் மதில் மேல் மரநிழலில் பாதி ஊர் நடக்கிறது. பீரங்கிக்காக விட்ட மேடைகளில் குழந்தைகள் பந்து விளையாடுகிறார்கள். வானம் தெளிந்திருந்தால் தெற்கே லோம்பார்டிச் சமவெளி கண்ணெட்டும் தூரம்வரை விரியும்.

வாயில்களை இரவில் அடைத்த காலத்தின் மிச்சம் ஒன்று இன்னும் இருக்கிறது. பியாட்ஸா வெக்கியா சதுக்கத்து மணிக்கூண்டில் தினமும் இரவு 10 மணிக்கு 100 முறை மணி அடிக்கிறார்கள். அந்தக் காலத்தில் வெளியே நிற்பவர்கள் ஓடிவந்து சேர்வதற்கான எச்சரிக்கை. இப்போது சதுக்கத்தில் மது அருந்துகிறவர்களின் பேச்சை அது கொஞ்சம் உரக்கச் செய்கிறது, அவ்வளவுதான். எண்ண முயன்றேன், நாற்பதுக்கு மேல் விட்டுப்போயிற்று.

சதுக்கத்தைத் தாண்டி, பழைய நகர மன்றத்தின் வளைவுகளுக்கு அடியில் புகுந்தால் எதிரே இரண்டு வாசல்கள். ஒன்று 12ஆம் நூற்றாண்டில் கட்டத் தொடங்கிய சாந்தா மரியா மஜ்ஜோரே தேவாலயம். அதன் மேலேயே சாய்ந்தாற்போல் ஒட்டி நிற்பது கொல்லியோனி சிற்றாலயம். வெள்ளையும் சிவப்புமாகப் பளிங்கு இழைத்த முகப்பு. பார்த்தொலோமேயோ கொல்லியோனி கூலிப்படைத் தலைவர். காசு கொடுத்த நகரத்துக்காகப் போரிட்டு, கடைசியில் வெனிஸின் தளபதியாக 1475இல் இறந்தார். தனக்குக் கல்லறை கட்ட இடம் தேவைப்பட்டபோது தேவாலயத்தின் ஒரு பகுதியையே இடித்துவிட்டு அங்கே இதைக் கட்டிக்கொண்டார். தன் சொத்தில் பெரும்பங்கை வெனிஸுக்கு எழுதிவைத்தார். ஒரே நிபந்தனை, புனித மார்க் சதுக்கத்தில் தனக்குக் குதிரைமேல் சிலை வைக்க வேண்டும். வெனிஸ்காரர்கள் பணத்தை வாங்கிக்கொண்டார்கள். சிலையைப் புனித மார்க் பெயரிலேயே இருந்த ஒரு சங்கக் கட்டடத்தின் முன்னால், வேறொரு சதுக்கத்தில் வைத்தார்கள். வெரொக்கியோ வடித்த அந்தச் சிலை அங்கே இன்றும் நிற்கிறது. இந்த உலகத்தில் உயில் எழுதுகிறவர்கள் எல்லாரும் படிக்க வேண்டிய கதை.

சிற்றாலயத்தின் இரும்பு வேலியில் கொல்லியோனியின் குலச்சின்னம் இருக்கிறது. அதில் மூன்று விரைகள். ஆமாம், அதேதான். ஆயிரமாயிரம் கைகள் பட்டு அந்த இடம் மட்டும் பொன்னாய்ப் பளபளக்கிறது. "தொட்டுட்டு வாங்கண்ணே, அதிர்ஷ்டமாம்" என்றான் தம்பி. தனக்குப் பரீட்சை இருப்பதாகச் சொல்லி அவன் இரண்டு முறை தொட்டுக்கொண்டான்.

தேவாலயத்துக்குள் பீடத்தை ஒட்டிய மரத்தடுப்பை அவசரமில்லாமல் பாருங்கள். ஓவியர் லொரென்சோ லொத்தோ வரைந்துகொடுக்க, பல நிற மரத்துண்டுகளை இழைத்து உருவாக்கிய விவிலியக் காட்சிகள். பின்பக்கச் சுவரோரம் இசையமைப்பாளர் தோனிட்செட்டியின் நினைவுச்சின்னம். அவருக்கு அருகிலேயே அவருடைய ஆசான் சீமோன் மாயர். இந்த இருவரிடமிருந்துதான் எனக்குப் பெர்கமோவின் உண்மையான கதை தொடங்குகிறது.

தோனிட்செட்டி 1797இல் மதிலுக்கு வெளியே போர்கோ கனாலே என்ற சரிவில், ஒரு வீட்டின் நிலவறையில் பிறந்தார். அப்பா அடகுக்கடைக் காவலாளி. அந்த வீட்டை இப்போது போய்ப் பார்க்கலாம்; படியிறங்கிப் போனால் ஈரச் சுவர், ஒடுங்கிய அறை. இப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளைக்கு இசை எங்கே கிடைத்திருக்கும்? பவேரியாவிலிருந்து வந்து தேவாலய இசைத் தலைவராக இருந்த மாயர், ஏழைப் பிள்ளைகளுக்கு இலவச இசைப் பள்ளி ஒன்றைத் தொடங்கியிருந்தார். 1806இல் அதில் சேர்ந்த சிறுவன்தான் பின்னாளில் நேப்பிள்ஸ், பாரிஸ், வியன்னா மேடைகளை ஆண்டான். எழுபதை நெருங்கும் எண்ணிக்கையில் இசை நாடகங்கள் எழுதினான். கடைசியில் மனம் பிறழ்ந்த நிலையில் ஊருக்குத் திரும்பி 1848இல் இங்கேயே இறந்தான்.

இந்தக் குன்றும் இதன் பின்னாலுள்ள மலைகளும் செய்ததெல்லாம் இதுதான்: ஆட்களைப் பெற்றுக் கீழே அனுப்பியது. வடக்கே பிரெம்பானா, செரியானா, இமாங்ஞா என்று பள்ளத்தாக்குகள். விளைநிலம் குறைவு, குளிர் அதிகம், வயிறுகள் நிறைய. ஆண்கள் இறங்கிப்போய் வெனிஸிலும் ஜெனோவாவிலும் மூட்டை தூக்கினார்கள். ஜெனோவா துறைமுகத்தில் பல நூற்றாண்டுகள் சுமைகூலி வேலை பெர்கமோ மலைக்காரர்களின் ஏகபோகம். அவர்களுடைய கரடுமுரடான பேச்சும் அடங்காத பசியும் நகரத்தாருக்கு வேடிக்கையாக இருந்தன. அந்த வேடிக்கை முகமூடி நாடக மேடைக்குப் போனது. பல வண்ண ஒட்டுத்துணி போட்டுக்கொண்டு உலகமெங்கும் குதித்த அர்லெக்கீனோ என்ற வேலைக்காரக் கோமாளி, நாடக மரபுப்படி கீழ்ப் பெர்கமோக்காரன். அவனுடைய தந்திரக்கார ஜோடி பிரிகெல்லா மேல் நகரத்தான். வயிற்றுப்பாட்டுக்கு வந்த கூலியைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு அது என்பதை ஞாபகம் வைத்துக்கொண்டுதான் நான் அந்த முகமூடிகளைக் கடைகளில் பார்த்தேன். வாங்கவில்லை.

இறங்கிப் போனவர்களில் சிலர் ராஜாக்களுக்கே வேலை செய்தார்கள். பிரெம்பானா பள்ளத்தாக்கில் கொர்னெல்லோ தெய் தாஸ்ஸோ என்ற சிற்றூர் இருக்கிறது. கார் போகாது, நடந்துதான் ஏற வேண்டும். கோவேறு கழுதைகள் போன பழைய சாலை, வீடுகளுக்கு அடியிலேயே வளைவுக் கூரையின் கீழ் ஓடுகிறது. இங்கிருந்த தாஸ்ஸோ குடும்பம் 13ஆம் நூற்றாண்டிலேயே அஞ்சல் சுமக்கத் தொடங்கியது. 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஹாப்ஸ்பர்க் அரசர்களுக்காக ஐரோப்பாவின் குறுக்கே குதிரை மாற்றும் நிலையங்களை வைத்து ஓர் அஞ்சல் வலையையே நடத்தியது. பிற்காலத்தில் துர்ன் உண்ட் டாக்சிஸ் என்ற பெயரில் ஜெர்மனியில் 1867வரை தபால் நடத்தியது இதே குடும்பம்தான்.

ஊர் எப்படி அப்படியே பிழைத்தது என்பதும் சுவையானது. 1590களில் வெனிஸ் மலைகளைக் கடந்து சுவிட்சர்லாந்துப் பக்கம் போக ப்ரியுலா என்ற புதுச் சாலையைப் போட்டது. ஸ்பெயினின் சுங்கத்துக்கு அகப்படாமல் சரக்கு கொண்டுபோக வேண்டுமல்லவா! அந்தச் சாலை ஆற்றோரமாகக் கீழே போய்விட, மேலே இருந்த கொர்னெல்லோவை எல்லாரும் மறந்தார்கள். மறந்ததால் யாரும் இடித்துக் கட்டவில்லை.

போகாமல் தங்கியவர்கள் சாப்பிட்டது பொலென்தா. மக்காச்சோள மாவைச் செப்புக் கொப்பரையில் நெடுநேரம் கிண்டிய களி. லோம்பார்டியில் மக்காச்சோளத்தை முதலில் பயிரிட்டது 1632இல், இந்த மலையடியிலுள்ள காந்தினோவில். விளைச்சல் அமோகம், பஞ்சம் குறைந்தது. ஆனால் மூன்று வேளையும் அதையே தின்ற ஏழைகளுக்குத் தோல் வெடித்துப் புத்தி பேதலிக்கும் பெலாக்ரா நோய் வந்தது. மக்காச்சோளத்திலுள்ள நயாசின் சத்து உடம்பில் சேராது. மெக்சிகோக்காரர்கள் சுண்ணாம்பு நீரில் வேகவைத்துச் சாப்பிட்டதால் தப்பினார்கள். ஐரோப்பாவுக்குத் தானியம் வந்தது, பக்குவம் வரவில்லை. 19ஆம் நூற்றாண்டு வட இத்தாலிய மனநோய் விடுதிகளில் பெலாக்ரா நோயாளிகள் நிறைந்திருந்தார்கள். இன்று மேல் நகரத்துக் கடைக் கண்ணாடிகளில் பொலென்தா வடிவில் மஞ்சள் கேக், அதன் மேல் சாக்லேட் குருவி. விலையைக் கேட்டால் தலைசுற்றும், தித்திப்போ திகட்டும். தாலெஜ்ஜோ பாலாடைக்கட்டி உருகி வழியும் அசல் களியை ஏதாவது ஒரு மலைக் கிராமத்துச் சாப்பாட்டுக் கடையில் சாப்பிடுங்கள், அது போதும்.

ஆட்களை வெளியே அனுப்பிய இந்தச் சீமைக்கு இப்போது வெளியிலிருந்து ஆட்கள் வருகிறார்கள்: கீழே லோம்பார்டிச் சமவெளியில் மாடு கறப்பவர்களில் பஞ்சாபிகள் ஏராளம். உள்ளூர்ப் பிள்ளைகள் தொழுவ வேலைக்கு வராத இடத்தில் அவர்கள் நிற்கிறார்கள். நாம் பீட்ஸாமேல் துருவிக்கொள்ளும் கிரானா பதானோ பாலாடைக்கட்டியில் அவர்கள் உழைப்பும் இருக்கிறது.

செரியானா பள்ளத்தாக்குக்குப் போவது சுலபம். கீழ் நகரத்திலிருந்து அல்பீனோ வரை ட்ராம், அதற்கப்பால் பேருந்து. ட்ராம் பாதையில் ஆல்சானோ, நெம்ப்ரோ என்ற பெயர்ப்பலகைகள் வரும். கொரோனா பரவிய 2020 மார்ச்சில் உலகம் முழுவதும் தொலைக்காட்சியில் கேட்ட பெயர்கள். அம்மாதம் 18ஆம் தேதி இரவு, பெர்கமோ சுடுகாட்டில் எரிக்க முடியாமல் தேங்கிய சவப்பெட்டிகளை ராணுவ லாரிகள் வரிசையாக வேறு ஊர்களுக்கு ஏற்றிச் சென்றன. உள்ளூர் நாளிதழில் மரண அறிவிப்புகளே பத்துப் பக்கங்களைத் தாண்டின. அந்தத் தேதி இப்போது இத்தாலி முழுவதற்கும் நினைவு நாள். ட்ராமில் இது பற்றி யாரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

இன்னும் மேலே, குளூசோனே ஊரில் ஒரு சிற்றாலயத்தின் வெளிச்சுவரில் 1485ஆம் ஆண்டு ஓவியம். கிரீடம் சூடிய எலும்புக்கூடாக மரணம் நடுவில் நிற்கிறது. போப்பாண்டவரும் அரசர்களும் பொன்னை நீட்டிக் கெஞ்சுகிறார்கள். அது வாங்குவதாக இல்லை. கீழ்வரிசையில் ஒவ்வொரு தொழில்காரரையும் ஒவ்வோர் எலும்புக்கூடு கைபிடித்து நடனத்துக்கு அழைத்துப் போகிறது. வரைந்தவர் மனத்தில் கொள்ளைநோய் இருந்திருக்க வேண்டும்.

பள்ளத்தாக்கின் கடைக்கோடி வல்போந்தியோனே. இங்கே செரியோ ஆறு மூன்று தாவலாக 315 மீட்டர் விழுகிறது. விழுந்தது என்று சொல்ல வேண்டும். 1931இல் மேலே பார்பெல்லீனோ அணை முடிந்ததும் தண்ணீரைக் குழாய்க்குள் போட்டு மின்சாரத்துக்கு அனுப்பிவிட்டார்கள். அருவி ஆண்டுக்கு ஐந்து முறை, ஒவ்வொரு முறையும் அரை மணி நேரம்போல, மதகைத் திறந்தால் மட்டும் உண்டு. அந்த நாட்களில் ஆயிரக்கணக்கானோர் சாப்பாட்டுப் பொட்டலத்தோடு எதிர்ச்சரிவில் ஏறிக் காத்திருக்கிறார்கள். சங்கு ஊதுகிறது. வெறும் பாறையின் உச்சியில் வெள்ளையாய் ஒரு கோடு இறங்கி, அகலமாகி, இரைச்சல் நம்மை எட்டுகிறது. கைதட்டுகிறார்கள். பிறகு அடைத்துவிடுகிறார்கள். இயற்கையைச் சாவி போட்டுத் திறப்பதா என்று முகம் சுளிக்கும் அன்பர்கள் உண்டு. அந்தக் கூட்டத்தில் நின்றபோது எனக்கு அப்படித் தோன்றவில்லை. மிலான் பக்கத்து ஆலைகளை ஓட்ட மனிதர்கள் போன வழியில் தண்ணீரும் போயிற்று. வருடத்தில் இரண்டரை மணி நேரமாவது ஊருக்கென்று அது விழட்டும்.

தண்ணீரைக் கட்டியதில் ஒரு பழி உண்டு. ப்ரெசோலானா கணவாயைக் கடந்தால் ஸ்கால்வே பள்ளத்தாக்கு. அங்கே மலையில் க்ளேனோ அணை. பருமனான ஈர்ப்பு அணையாகத் திட்டமிட்டதைச் செலவு குறைக்க நடுவிலேயே வளைவுகள் கொண்ட மெல்லிய அணையாக மாற்றினார்கள். சிமெண்டுக் கலவையும் மட்டம். 1923 அக்டோபரில் மழையில் நீர் நிரம்பியது. கசிவு தெரிந்தது. டிசம்பர் 1ஆம் தேதி காலை நடுப்பகுதி பெயர்ந்து விழ, சுமார் 60 லட்சம் கனமீட்டர் தண்ணீர் பள்ளத்தாக்கில் பாய்ந்து, வழியிலிருந்த ஊர்களை வாரிக்கொண்டு முக்கால் மணி நேரத்தில் இசேயோ ஏரியில் கலந்தது. அரசுக் கணக்கில் இறந்தவர்கள் 356 பேர். உடைந்த அணை இன்றும் அப்படியே இருக்கிறது. நடுவில் வானம் தெரியும் இடைவெளி. பின்னால் தெளிந்த ஒரு சின்ன ஏரி. படமெடுக்க வருகிறவர்கள்தான் அதிகம். அறிவிப்புப் பலகையை நின்று படியுங்கள்.

அந்த வெள்ளம் போன வழியிலேயே சாலையும் குறுகிய மலைப்பிளவில் இறங்கி ஏரியைச் சேர்கிறது. ஏரியின் வடமேற்குக் கரையில் லொவேரே. அம்மை குத்தும் முறையைத் துருக்கியிலிருந்து இங்கிலாந்துக்குக் கொண்டுபோன லேடி மேரி மாண்டேகு சில காலம் குடியிருந்த ஊர். கோமோ ஏரிக்கும் கார்தா ஏரிக்கும் போகும் கூட்டத்தில் கொஞ்சம்தான் இசேயோவுக்கு வருகிறது. ஏரியின் நடுவே, கடல்மட்டத்திலிருந்து 600 மீட்டர் உயரத்துக்கு எழுந்து நிற்கும் தீவு மோந்தே ஈசோலா. வெளியார் கார்களுக்கு அனுமதி இல்லை. ஊர்க்காரர்கள் ஸ்கூட்டரில் போகிறார்கள். கரையோரம் சுற்றி நடக்க ஏறத்தாழ 9 கிலோமீட்டர். மீன் வலை பின்னுவது இவர்களுடைய பரம்பரைத் தொழில். இப்போது பெரும்பாலும் விளையாட்டு மைதானங்களுக்கான வலைகள் பின்னுகிறார்கள். 'சார்தீனா' என்று அவர்கள் சொல்லும் ஏரி மீனை வளைந்த குச்சிகளில் கோத்து வெயிலில் காயவைத்து எண்ணெயில் ஊறப்போடுகிறார்கள். கருவாடு, சுத்தமான கருவாடு! களியோடு தருகிறார்கள். தம்பி ஊருக்குப் போய் வந்த மாதிரி இருக்கிறது என்று இன்னொரு தட்டு வாங்கினான்.

2016 ஜூன் 18 முதல் ஜூலை 3 வரை இந்தத் தீவுக்கு நடந்தே போக முடிந்தது. கிறிஸ்டோ என்ற கலைஞர் 2,20,000 பிளாஸ்டிக் கட்டிகளை மிதக்கவிட்டு, மஞ்சள் துணி போர்த்தி, தண்ணீரின் மேல் 3 கிலோமீட்டர் நடைபாதை அமைத்தார். கட்டணம் கிடையாது, தன் ஓவியங்களை விற்ற பணத்தில் செய்தார். பன்னிரண்டு லட்சம் பேர்போல வந்தார்கள். பிறகு ஓர் ஆணிகூட மிச்சமில்லாமல் பிரித்துவிட்டார். தீவில் பெட்டிக்கடை வைத்திருக்கும் அம்மா ஒருவர் அந்த நாட்களைப் பற்றி, ரொட்டி தீர்ந்துபோனதைத்தான் முதலில் சொன்னார்.

போகிறவர்களுக்கு: மேல் நகரத்துக்கு ஒரு பகலும் ஓர் இரவும் போதும், மணிச் சத்தம் கேட்க இரவு அங்கேயே தங்குங்கள். மிச்ச நாட்களைப் பள்ளத்தாக்குகளுக்கும் ஏரிக்கும் கொடுங்கள். செரியோ அருவியைத் திறக்கும் தேதிகளை ஆண்டுதோறும் முன்கூட்டியே அறிவிக்கிறார்கள், ஜூனிலிருந்து அக்டோபருக்குள். அதைப் பார்த்துவிட்டு விமானச் சீட்டுப் போடுங்கள். ஆகஸ்ட் நடுவில் மட்டும் வேண்டாம். இத்தாலி முழுவதும் விடுமுறையில் இருக்கும், படகில் நிற்கக்கூட இடம் கிடைக்காது.

(தொடரும்)